மேற்குச் சுவரின் வெக்கையைத் தணித்த விதம்

கிளிநொச்சியில் அப்பப்பா கட்டிய பழைய கல்வீடு எங்களுடையது. பின்னேர வெயிலை முழுக்கக் குடிக்கும் மேற்குச் சுவர் இரவு 10 மணிக்கும் உள்ளே அனலடிக்கும். அதன் ஓரம்தான் அப்பம்மாவின் கட்டில்; பாவம், நித்திரையே இல்லை.

முதலில் உள்ளே நுரைத் தகடு ஒட்டினேன். மாரியில் சுவரின் ஈரம் பின்னால் தங்கிப் பூஞ்சணம் பிடித்தது. சரி, வெயிலை வெளியே மறிப்போம் என்று வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தேன். சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளிப் பனஞ்சலாகையில் சட்டம் அடித்து, பின்னிய தென்னோலைக் கிடுகை இரட்டையாகக் கட்டினேன். மேலும் கீழும் திறந்தே விட்டேன். சூடான காற்று மேலேறிப் போக, கீழிருந்து புதுக்காற்று வரும். அந்த இடைவெளிதான் உயிர். கிடுகு நிலத்தில் முட்டக்கூடாது, கறையான் ஏறிவிடும்.

இந்தச் சித்திரையில் பின்னேரம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. அப்பம்மா அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுக்கிறா.