ஆறு ஓடும், ரோடு ஓடாது: ‘ரன்’னைப் புரிந்துகொள்வது எப்படி?

மாம்பழ சீசன் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஃபேக்டரிகளில் ராத்திரியும் வேலை நடக்கும். அப்படி ஒன்றில் நான் சேர்ந்த புதிதில், வெளியூர் சூப்பர்வைசர் ஒருவர் ‘வி ஆர் ரன்னிங் லோ ஆன் டின்ஸ்’ என்றார். டின் மூடும் மெஷின் மெதுவாக ஓடுகிறது போல என்று நினைத்து, அதன் பக்கத்திலேயே போய் நின்றேன். மெஷின் ஜோராகத்தான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் டின் தீர்ந்து மொத்த லைனும் நின்றது. டின் குறைந்துகொண்டே வருகிறது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் எண்ணியிருக்கிறார்கள். 1989 பதிப்பில் முன்னால் நின்ற ‘செட்’டையே இது முந்திவிட்டது. பயப்பட வேண்டாம். தமிழ் தெரிந்தவருக்கு இதில் நிறைய ஏற்கெனவே தெரியும்.

படி 1: ஒரு நோட்டில் நம் ‘ஓடு’வை எழுதிப் பாருங்கள். பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, தென்பெண்ணையில் தண்ணீர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. எல்லாவற்றுக்கும் ‘ரன்’ சரியாகப் பொருந்தும். நடந்து முடிந்ததற்கு மட்டும் ‘ரேன்’.

படி 2: இங்கேதான் நிதானம் வேண்டும். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘தி பம்ப் இஸ் ரன்னிங்’ என்றால் பம்ப் ஓடுகிறது. ‘ஹீ ரன்ஸ் தி பம்ப்’ என்றால் அவர் அதை ஓட்டுகிறார். ஆகவே ‘ரன்’னுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். மெஷின், கடை, கம்பெனி என்று ஏதாவது ஒட்டி நின்றால் மனதுக்குள் ‘ஓட்டு’ போட்டுப் படியுங்கள். ‘ஷி ரன்ஸ் எ மெஸ்’ என்றால் அந்தம்மா மெஸ் நடத்துகிறார். ‘குடும்பத்தை எப்படியோ ஓட்டுறேன்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே ஓட்டுதான். ஓசூர் கம்பெனி இண்டர்வியூவில் ‘கேன் யூ ரன் திஸ் மெஷின்?’ என்று கேட்டால் குழம்பமாட்டீர்கள். ஒரே ஒரு வம்பு: ‘ரன்னிங் எ ஃபீவர்’. காய்ச்சலை யாரும் ஓட்டுவதில்லை, அது நமக்கு அடிக்கிறது.

படி 3: பின்னால் ஒட்டும் வால்களைக் கவனியுங்கள். ‘வி ரேன் அவுட் ஆஃப் டீசல்’ என்றால் டீசல் தீர்ந்துவிட்டது. கிரிக்கெட்டில் ரன் அவுட் ஆவது ஆள். அதை இங்கே கொண்டுவராதீர்கள். ‘ஐ ரேன் இன்டு மை அங்கிள்’ என்றால், தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் மாமாவை எதேச்சையாகப் பார்த்தேன் என்று அர்த்தம். ‘ரன் ஓவர்’ என்பது வண்டி ஏறிவிடுவது.

படி 4: தமிழில் ஓடாதவையும் ஆங்கிலத்தில் ஓடும். ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகக் கன்னியாகுமரி வரை ‘ரன்’ ஆகிறது. நமக்கு அது ‘போகிறது’. மூக்கு ‘ரன்’ ஆனால் ஒழுகுகிறது. புதுச் சேலையின் நிறம் ‘ரன்’ ஆனால் சாயம் போகிறது. ஒரு குடும்பத்தில் சர்க்கரை நோய் ‘ரன்’ ஆனால் வழிவழியாக வருகிறது. இவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது, எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

படி 5: அப்புறம், திருப்பியும் சோதியுங்கள். ‘டிவி ஓடுது’ என்பதற்கு ‘தி டிவி இஸ் ஆன்’ போதும். ‘என்னை ஓட்டாதீங்க’, ‘மண்டையில ஒண்ணும் ஓடல’ இரண்டிலும் ‘ரன்’ போட்டால் எதிரில் இருப்பவர் முழிப்பார்.

சரி, இப்போது ஒரு பயிற்சி. ‘வி ரேன் அவுட் ஆஃப் டின்ஸ், ஸோ தி மெஷின் இஸ் நாட் ரன்னிங்.’ இதைத் தமிழில் எழுதுங்கள். இரண்டு ‘ரன்’னில் ஒன்றுக்குத்தான் ‘ஓடு’ வர வேண்டும்.