மனு எழுதப் போகிறீர்களா, கண்ணகியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்

தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சிக்கு மனு எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே "மேற்படி விஷயமாக ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்" என்று ஓடிவிடும். படிக்கிறவருக்கு அன்றைக்கு வந்த மனுக்கட்டுக்குள் அதுவும் ஒன்று. அதற்காக மேடைப் பேச்சு மாதிரி அடுக்குமொழியில் பொரிந்து தள்ளினாலும் வேலை ஆகாது. எழுத்தில் வரும் அணி என்றால் நகை மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கென்னவோ அது ஆணி. செய்தி கழன்று விழாமல் இருக்க அடிப்பது.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளுங்கள், அரசியின் சிலம்பைத் திருடியதாகக் கணவனைக் கொன்ற பாண்டியனிடம் கண்ணகி நியாயம் கேட்கிற இடம். யார் நீ என்று பாண்டியன் கேட்கிறான். "தேரா மன்னா" (ஆராய்ந்து பார்க்காத அரசனே) என்கிறாள் கண்ணகி, இரண்டே சொல்லில் குற்றச்சாட்டு முடிந்தது. அப்புறமும் உடனே பெயரைச் சொல்லவில்லை, அது கடைசியில்தான் வருகிறது. புறாவின் துயர் தீர்த்தவனும், கன்றை இழந்த பசுவுக்காகப் பெற்ற மகனையே தேர்ச்சக்கரத்தில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். கேட்டால் ஊர் விலாசம் சொல்வது மாதிரி இருக்கும், ஆனால் அரசன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் அவையிலேயே அவனுக்குச் சொல்லியாயிற்று. நடுவில் "வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர்" என்று ஒரே சொல் இரண்டு முறை வருகிறது பாருங்கள், முதல் மணி வாசலில் தொங்குவது, இரண்டாவது பசுவின் கடைக்கண். மணி அடித்ததும் கண்ணீரும் ஒன்றாகக் காதில் விழுகிறது.

இதையே உங்கள் மனுவில் செய்யலாம். "பக்கத்துத் தெருவில் விளக்கு போனபோது இரண்டே நாளில் மாற்றிக் கொடுத்தீர்கள்" என்று நன்றியோடு தொடங்குங்கள் (உண்மையாக இருந்தால் மட்டும்). அதுதான் உங்கள் புகார் நகரம்.

அடுத்து, ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்வது. "பால் வாங்கப் போகிறவர்கள் இருட்டில் போகிறார்கள், டியூஷன் முடிந்த பிள்ளைகள் இருட்டில் வருகிறார்கள், கடை சாத்திவிட்டு வருகிற அக்கா இருட்டில் வண்டியைத் தள்ளுகிறார்." மூன்றோடு நிறுத்திவிடுங்கள். நாலாவது இருட்டு சலிப்பு.

கேள்வி வைப்பதென்றால் ஒன்றே ஒன்று, அதுவும் பதில் சொல்ல இடம் தராத கேள்வி. "இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?" என்று கேட்டால் "நிதி வரும் வரை" என்று பதில் வந்துவிடும். "யாரையாவது பாம்பு கடித்த பிறகுதான் விளக்கு வருமா?" என்பதற்கு ஆமாம் என்று எவரும் எழுத முடியாது. உவமை, எதுகை, மோனை எல்லாம் மனுவுக்கு அநேகமாக வேண்டாம், வாழ்த்து மடல் மாதிரி ஆகிவிடும்.

ஒன்று கவனித்தீர்களா, இவ்வளவு பேசியும் கண்ணகியின் வழக்கு பேச்சில் ஜெயிக்கவில்லை. என் சிலம்பின் பரல் (உள்ளே இருந்து ஒலிக்கிற மணி) மாணிக்கம் என்றாள், எங்களுடையது முத்து என்றான் அரசன், உடைத்துப் பார்த்ததும் தீர்ந்தது. உங்கள் சிலம்பு அந்தக் கம்பத்தின் எண்ணும், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்பதும். இரண்டையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். எழுதி முடித்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு முட்டுகிற இடத்தில் வெட்டுங்கள். அப்புறம் நகல் ஒன்று கையில் வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.