கொன்ட்ரோலர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கடந்த தீபாவளிக்கு என் அக்காள் மகன் போனில் விளையாட ஒரு கொன்ட்ரோலர், அதாவது கையில் பிடித்துப் பட்டன்களால் விளையாடும் கருவி, வாங்கினான். அக்காள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். தீபாவளி முற்பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் ஆசைக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். பெட்டியைப் பிரித்து, புளூடூத்தில் இணைத்து, பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் திறந்தான். கொன்ட்ரோலரில் நீல விளக்கு நிலையாக எரிந்தது. திரையில் நின்ற வீரனோ ஓர் அடிகூட நகரவில்லை. "பழுதான சாமானைத் தந்துவிட்டார்கள் மாமா" என்று அழாத குறையாக எனக்கு அழைத்தான்.

சாமானில் பழுது இல்லை. பப்ஜி மொபைல் கொன்ட்ரோலரை ஏற்காது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, இவனுக்கும் கேட்கத் தெரியவில்லை. ஹட்டனில் போன் பழுதுபார்க்கும் என்னிடம் இதே முறைப்பாட்டோடு வரும் பிள்ளைகள் பலர். ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது, ஏனெனில் இந்தப் பணம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். பேக்போன் வன் என்ற கொன்ட்ரோலர் 2020இல் அமெரிக்காவில் 99.99 டொலருக்கு வெளிவந்தது. டொலருக்கு 300 ரூபாய் என்று பிடித்தாலே 30,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் 22 நாள் முழுப்பேர், அதாவது 22 முழு நாள் வேலை. மலிவான கொன்ட்ரோலர்களும் இருக்கின்றன. அவையும் சும்மா வருவதில்லை.

பெரும்பாலோர் முதலில் கொன்ட்ரோலரை வாங்குகிறார்கள், பிறகு அது போனில் பொருந்துமா என்று பார்க்கிறார்கள், கடைசியில்தான் விளையாட்டைத் திறக்கிறார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் விளையாட்டு, அடுத்து போன், அதன் பிறகே கொன்ட்ரோலர்.

தொடுதிரை விளையாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் விரல் எங்கே பட்டது என்பதுதான். கொன்ட்ரோலர் அனுப்புவது வேறு வகைச் செய்தி: இன்ன பட்டன் அழுத்தப்பட்டது, விரலால் சாய்க்கும் சிறு தண்டான இடது ஸ்டிக் பாதி தூரம் முன்னால் சாய்ந்தது என்று. அதைக் கேட்டு நடக்கும்படி விளையாட்டைச் செய்தவர்கள் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கோல் ஒஃப் டியூட்டி மொபைல் 2019 நவம்பரிலிருந்து கொன்ட்ரோலரை ஏற்கிறது. ஆனால் கொன்ட்ரோலரோடு வருபவர்களைக் கொன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுடனேயே மோதவிடும் ஏற்பாட்டுடன்தான் அந்த வசதி வந்தது. ஆகவே, விரலால் விளையாடுபவர்களை எளிதில் வீழ்த்திவிடலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். மைன்கிராஃப்ட், அஸ்ஃபால்ட் கார்ப் பந்தயம், ஸ்டார்டியூ வெலி, டெட் செல்ஸ் ஆகியவையும் கொன்ட்ரோலரோடு நன்றாக இயங்குகின்றன. உங்கள் விளையாட்டு இந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, கொன்ட்ரோலருக்கென்று தனிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் ஆப் ஸ்டோரிலுள்ள விளையாட்டின் பக்கத்திலேயே அந்தக் குறிப்பு இருக்கும். எல்லாவற்றிலும் உறுதியான வழி, தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 4 கருவி வைத்திருக்கும் நண்பரிடம் அதன் கொன்ட்ரோலரை ஒரு மாலை இரவல் கேட்பது. ஷெயார் பட்டனையும் நடுவிலுள்ள பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாக மின்னத் தொடங்கும். அப்போது போனின் புளூடூத் பட்டியலில் அதன் பெயர் தெரியும். அண்ட்ராய்ட் 10 அல்லது அதற்குப் பிந்தையது, ஐபோனாக இருந்தால் ஐஓஎஸ் 13 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

பப்ஜியை விட மனமில்லாதவர்களுக்குக் கடைக்காரர் சொல்லும் வழி ஒன்று உண்டு. பட்டன் அழுத்தத்தைத் திரைத் தொடுகையாக மாற்றிக் காட்டும் மேப்பிங் செயலியைப் போட்டுக்கொள் என்பார். தயவுசெய்து வேண்டாம். விளையாட்டு நிறுவனம் இதை ஏமாற்று வேலையாகக் கருதினால் கணக்கையே முடக்கிவிடும். வருடக்கணக்கில் ஏறிய படிநிலையும் சேர்த்த உடைகளும் ஒரே நாளில் போய்விடும். இந்தச் செயலிகள் பல, போனின் டெவலப்பர் பகுதியைத் திறந்து, வெளியிலிருந்து போனைக் கட்டுப்படுத்த விடும் யூஎஸ்பி டிபகிங்கை இயக்கச் சொல்கின்றன. அம்மாவின் வங்கிச் செயலியும் அதே போனில்தான் இருக்கிறது என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

போனின் மேல் விளிம்பில் கவ்வும் எல்1, ஆர்1 டிரிகர்கள் கொன்ட்ரோலர் அல்ல. அழுத்தும்போது விரலுக்குப் பதிலாகத் திரையைத் தொடும் சிறு கருவிகள் அவை. குறைந்த விலையில் அவை போதும் என்றால் அதுவும் சரிதான். கொன்ட்ரோலர் என்று நம்பி வாங்கி ஏமாற வேண்டாம்.

அடுத்தது போன். இங்கே தவறு பெரும்பாலும் சில மில்லிமீட்டரில் நடக்கிறது. இரு புறமும் நீண்டு போனை நடுவில் கவ்வும் வகைக் கொன்ட்ரோலரில், வலப் பக்கத்திலுள்ள டைப்-சி முனை போனின் துவாரத்துக்குள் நேராகப் போக வேண்டும். தடித்த ரப்பர் கவர் போட்ட போனில் அந்த முனை அரைகுறையாகத்தான் நுழையும். அப்போது இணைந்ததுபோல் தோன்றும், விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் அறுந்துவிடும். கவரைக் கழற்றினால் சரியாகும். ஆனால் நம் பிள்ளைகளின் போன்கள் சீமெந்துத் தரையில் எத்தனை முறை விழுகின்றன என்பது தெரியும். விளையாடும் ஒவ்வொரு முறையும் கவரைக் கழற்றி மாட்டுவார்களா? பின்புறம் கெமராப் பகுதி புடைத்திருக்கும் போன்கள் சில கொன்ட்ரோலர்களில் சமமாக உட்காருவதில்லை. ஆகவே அளவைப் பெட்டியில் வாசித்தால் மட்டும் போதாது, உங்கள் போனைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு சொல்: ஐபோன் 15இலிருந்துதான் டைப்-சி, 14 வரை லைட்னிங் என்ற வேறு வகைத் துவாரம். இரண்டுக்கும் கொன்ட்ரோலர் வேறு. போனை மாற்றும் எண்ணம் இருந்தால் புளூடூத் வகையே நல்லது. போன் மாறினாலும் கொன்ட்ரோலர் மிஞ்சும்.

வளைகுடாவிலிருந்து வரும் உறவினர்கள் பழைய எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதுண்டு. 2013இல் வெளிவந்த எக்ஸ்பொக்ஸ் வன் கொன்ட்ரோலரில் புளூடூத் கிடையாது. 2016இல் வந்த திருத்திய வடிவத்தில்தான் அது சேர்ந்தது. அடையாளம் காண்பது எளிது. நடுவிலுள்ள எக்ஸ்பொக்ஸ் பட்டனைச் சுற்றிய பிளாஸ்டிக், முகப்பின் தொடர்ச்சியாக அதே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு. மேல் விளிம்புப் பட்டன்களின் பளபளப்பான பகுதி கீழே இறங்கி அந்தப் பட்டனைச் சூழ்ந்திருந்தால் இல்லை. பிளேஸ்டேஷன் 5இன் கொன்ட்ரோலருக்கு அண்ட்ராய்ட் 12 வேண்டும். பழைய போனோடு அதை வாங்கிவிட்டுத் தவிக்காதீர்கள்.

"கொன்ட்ரோலர் தாமதிக்கிறது" என்று கொண்டுவருபவர்களில் பலரின் கொன்ட்ரோலர் நன்றாகவே இருக்கிறது. நம் ஊரில் தோட்டம் ஒரு மலை மடிப்பிலும் அலைவரிசைக் கோபுரம் மறு மடிப்பிலும் இருக்கும். வீட்டு முன் ஸ்தோப்பில் நின்றால் இரண்டு கோடு, உள்ளே வந்தால் அதுவும் இல்லை. பட்டனை அழுத்தினால் போனுக்கு உடனே செய்தி போகிறது. போனிலிருந்து விளையாட்டின் சேர்வருக்குப் போய்த் திரும்பும் வழியில்தான் நேரம் போகிறது. இதைப் பிரித்தறிய, போனை விமானப் பயன்முறையில் போட்டு, புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்கி, இணையம் தேவைப்படாத ஒரு விளையாட்டைத் திறந்து விளையாடுங்கள். அப்போது பட்டன் உடனுக்குடன் கேட்டால் குறை வலையமைப்பில்தான், கொன்ட்ரோலரை மாற்றிப் பயனில்லை. அப்போதும் பின்தங்கினால் மட்டும் கொன்ட்ரோலரைச் சந்தேகியுங்கள்.

புளூடூத் கொன்ட்ரோலரோடு புளூடூத் இயர்போனையும் மாட்டுவது இன்னொரு தவறு. இரண்டும் ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையில் பேசுகின்றன. பல வைபை ரவுட்டர்களும் அதிலேதான். இயர்போனில் ஒலி பிந்துவதால் கண்ணுக்குத் தெரிந்த வெடிச் சத்தம் பிறகுதான் காதுக்கு வரும். வயர் இயர்போன் வைத்திருப்பவர்கள், கொன்ட்ரோலரில் 3.5 மி.மீ. துவாரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பேக்போன் வன்னில் உண்டு, ரேசர் கிஷி வி2 என்ற கொன்ட்ரோலரில் இல்லை.

இனி ஸ்டிக். கையை எடுத்த பிறகும் வீரன் தானாகவே ஒரு பக்கம் நடப்பதை டிரிஃப்ட் என்கிறோம். போன மாதம் அப்படியொரு கொன்ட்ரோலரைக் கழற்றினேன். ஸ்டிக்கின் பக்கங்களில் நகத்தளவு பச்சைப் பெட்டிகள் இரண்டு. ஒன்றைத் திறந்தால் உள்ளே பிறை வடிவில் ஒரு கரிப்பூச்சு, அதன் மேல் உராய்ந்து நகரும் மெல்லிய உலோகக் கால். உராய்ந்த இடத்தில் பூச்சு தேய்ந்து கோடு விழுந்திருந்தது. ஓரத்தில் மையைப் போல் கறுப்புத் தூள். சாதாரண ஸ்டிக்குகள் எல்லாமே இப்படித்தான் தேய்கின்றன. ஹோல் எஃபெக்ட் ஸ்டிக்கில் காந்தத்தின் அசைவைச் சென்சர் உணர்கிறது. எதுவும் எதன் மீதும் உராய்வதில்லை, அதனால் தேய்மானத்தால் வரும் டிரிஃப்ட் இல்லை. கேம்சர் ஜி8இல் இருப்பது இந்த வகை. என் கருத்தில், கூடுதலாகச் செலவழிப்பதென்றால் அதை வண்ண விளக்குக்கோ அதிர்வுக்கோ கொடுக்காமல் இதற்குக் கொடுப்பதே நியாயம்.

ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டிறுதியில்தான் பெருமழை. சுவரே வியர்க்கும் அந்த மாதங்களில் கொன்ட்ரோலரை ஜன்னலோரத்தில் விட்டால் உலோக முனைகளில் களிம்பு ஏறும். சப்பாத்துப் பெட்டியில் வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை எறியாமல், அதோடு சேர்த்துக் கொன்ட்ரோலரை இறுக்கமான பிஸ்கட் டின்னில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்காதீர்கள். புகையும் கரியும் உள்ளே போகும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனின் துவாரத்தில் செருகும் வகை, போனிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. அதே நேரம் அந்தத் துவாரத்தையும் அடைத்துவிடுகிறது. விளையாடிக்கொண்டே போனுக்குச் சார்ஜ் ஏற்ற, கொன்ட்ரோலரின் அடியில் தனித் துவாரம் இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் நம் பகுதிக்கு வழமை. அப்போது சார்ஜர் வயரோடு விளையாடவே கூடாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள்.

கடையில் நிற்கும்போது அவசரப்படாதீர்கள். கொன்ட்ரோலரைச் சோதிக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போனில் ஏற்கனவே போட்டுக்கொண்டு போங்கள். ஸ்டிக்கைச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தால், திரையிலுள்ள எண்கள் பூச்சியத்துக்கோ அதற்கு மிக அருகிலோ திரும்ப வேண்டும். ஒவ்வொரு பட்டனையும் ஒரு முறை அழுத்துங்கள். கொன்ட்ரோலரின் மேல் விளிம்பில் கீழுள்ள எல்2, ஆர்2 டிரிகரை மெதுவாக அழுத்தும்போது எண் படிப்படியாக ஏறினால் கார்ப் பந்தயத்தில் வேகத்தை விரலால் அளக்கலாம். ஒரேயடியாகத் தாவினால் முழு வேகம் அல்லது நிற்பது, அவ்வளவுதான். பட்டன்கள் இடம் மாறிக் காட்டினால் பழுதென்று முடிவுகட்ட வேண்டாம், கொன்ட்ரோலர் வேறு பயன்முறையில் இருக்கலாம். எய்ட்பிட்டூ எஸ்என்30 புரோ என்ற கொன்ட்ரோலரில் ஸ்டார்ட் பட்டனோடு பி அழுத்தினால் அண்ட்ராய்ட், எக்ஸ் அழுத்தினால் விண்டோஸ், வை அழுத்தினால் நின்டென்டோ ஸ்விட்ச் பயன்முறை. வாங்கும் மாதிரிக்கு எது என்று கடைக்காரரிடமே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்குமுன், பற்றுச்சீட்டில் "கேம் பேட்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். மாதிரியின் முழுப் பெயரும் உத்தரவாதக் காலமும் கடை முத்திரையும் அதில் வேண்டும். பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறித் திரும்ப வந்து நியாயம் கேட்க, அக்காள் மகனிடம் அன்று அந்தத் துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை.