மோனார்க் கண்ணில் பட்டால் என்ன செய்வது?

கொலு வைக்கிற நாட்களை ஒட்டி டாலஸ் பக்கம் ஒரு நாள் வடக்குக் காற்று அடிக்கும், முதல் நாள் வரை கொளுத்திய வெயில் சட்டென்று தணிந்துவிடும். அன்று மதியம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், கூரைக்கும் மேலே, சிறகை அதிகம் அடிக்காமல் மிதந்தபடி ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிகள் ஒன்று, இரண்டு என்று தெற்கே போய்க்கொண்டிருக்கும். மெக்ஸிகோ மலைக்குப் போகிற மோனார்க் அவை. அதே வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு படம் போட்டு, "இவ்வளவு வருதே, குறையுதுன்னு யார் சொன்னது?" என்று கேட்பார்கள். பாதி நேரம் அந்தப் படத்தில் இருப்பது மோனார்க்கே இல்லை.

அதனால் முதலில் அடையாளம். டெக்சஸில் நம்மை ஏமாற்றுவது குயீன் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சி. அதுவும் ஆரஞ்சுதான், ஆனால் கொஞ்சம் பழுப்பு கலந்த, செங்கல் மாதிரியான ஆரஞ்சு. மோனார்க் சிறகின் மேல்பக்கம் நரம்புகள் எல்லாம் மை தொட்டு இழுத்த மாதிரி தடித்த கருப்புக் கோடாக இருக்கும். குயீனுக்கு மேல்பக்கம் அந்தக் கோடுகள் இல்லை, முன்சிறகின் ஆரஞ்சுப் பகுதியில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சிறகை மூடியிருக்கும்போது மட்டும் பார்த்தால் குயீனுக்கும் கருப்புக் கோடுகள் தெரியும், அங்கேதான் வழுக்குவோம். முதல் வருஷம் நான் மூன்று குயீன்களை மோனார்க் என்று எழுதி அனுப்பி அசடு வழிந்திருக்கிறேன். ஆகவே சிறகு விரிந்தபடி ஒன்று, மூடியபடி ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். வைஸ்ராய் என்று இன்னொன்று உண்டு. அதன் பின்சிறகில் மற்ற நரம்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கருப்புக் கோடு போகும், அது போதும் கண்டுபிடிக்க. மோனார்க்கில் ஆணா பெண்ணா என்று தெரிய பின்சிறகைப் பாருங்கள், பக்கத்துக்கு ஒரு கருப்புப் பொட்டு இருந்தால் ஆண்.

புழுவிலும் இதே குழப்பம். இரண்டுக்கும் கருப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டை. கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதை எண்ணுங்கள்: இரண்டு ஜோடி என்றால் மோனார்க், மூன்று ஜோடி என்றால் குயீன். நம் ஊரில் எருக்கஞ்செடியை மேயும் வெந்தய வரியன் புழுவைப் பார்த்திருப்பீர்களே, அது மோனார்க்குக்குச் சித்தப்பா பிள்ளை முறை.

சரி, பார்த்தாயிற்று. எழுதி வையுங்கள். பார்த்ததைப் பதிவதற்கென்றே இருக்கும் ஜர்னி நார்த், ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளங்கள் இரண்டில் எதில் வேண்டுமானாலும் போடலாம். தேதி, நேரம், இடம், எத்தனை, பறந்ததா பூவில் உட்கார்ந்ததா, பறந்தால் எந்தத் திசை, உட்கார்ந்தால் எந்தப் பூ. "நிறைய" என்று எழுதாதீர்கள், பத்து நிமிஷத்தில் பதினான்கு என்று எழுதுங்கள். சாயங்காலம் பெக்கன் மரத்திலோ ஓக் மரத்திலோ காய்ந்த இலைக் கொத்து மாதிரி தொங்கிக்கொண்டிருந்தால் அது ராத்திரி தங்கல், அதைக் கட்டாயம் பதியுங்கள்; கிளையை உலுக்கிப் பறக்கவிட்டு வீடியோ எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். மார்ச் கடைசியில் சிறகு கிழிந்து, நிறம் வெளுத்து ஒன்று வந்தால் அலட்சியமாக விடாதீர்கள். போன இலையுதிர் காலத்தில் நம் தலைக்கு மேலே போன அதே தலைமுறை, மெக்ஸிகோவில் குளிரைக் கழித்துவிட்டு முட்டையிடத் திரும்பி வந்திருக்கிறது. கோடையில் பிறப்பவை சில வாரம்தான் வாழும், இந்தத் தலைமுறை மட்டும் எட்டு மாதம் வரை தாங்கும்.

குறைகிறதா என்ற கேள்விக்கு நம் தோட்டத்தில் பதில் கிடைக்காது. மெக்ஸிகோவில் மிச்சோவகான் மாநிலத்துப் பக்கத்து மலைகளில், சுமார் 3,000 மீட்டர் உயரத்து ஓயமெல் என்ற ஊசியிலை மரங்களில் அவை அப்பிக்கொண்டு கிடப்பதால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது, எவ்வளவு காட்டை மூடியிருக்கின்றன என்று அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் சுமார் 18 ஹெக்டேர், அதாவது 45 ஏக்கர். 2013-14இல் 0.67 ஹெக்டேர். 2023-24இல் 0.9, அடுத்த வருஷம் 1.79. "இரண்டு மடங்காகிவிட்டது" என்று அப்போது செய்தி வந்தது, ஆனால் தாக்குப்பிடிக்கவே 6 ஹெக்டேராவது வேண்டும் என்கிறார்கள். கலிபோர்னியா கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிப்பவை தனிக் கூட்டம்: 2020இல் எண்ணியபோது 2,000 கூட இல்லை, அடுத்த வருஷமே இரண்டரை லட்சத்தை ஒட்டி வந்தன, 2024இல் மறுபடி 9,119. ஒரு வருஷத்தை வைத்து மகிழவும் கூடாது, ஒப்பாரி வைக்கவும் கூடாது. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட முன்மொழிந்தது.

காரணம் ஒன்றல்ல. களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளம், சோயா வந்த பிறகு, மோனார்க் புழு தின்கிற மில்க்வீட் செடி வயல்களில் அழிந்தது பெரிய அடி. காடு வெட்டு, வறட்சி, பூச்சிமருந்து எல்லாம் அதன்மேல்.

நம் கையில் இருப்பது செடி. புழு மில்க்வீட் தவிர வேறெதையும் தின்னாது. கிள்ளினால் பால் வடியும் எருக்குக் குடும்பம்தான் அதுவும், கையோடு கண்ணைக் கசக்காதீர்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் டிராபிகல் மில்க்வீட், அதை வாங்காதீர்கள். டெக்சஸ் கடற்கரை மாதிரி சூடான இடங்களில் அது குளிரிலும் பட்டுப்போகாது, இலையிலேயே ஓ.ஈ. என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் சேர்ந்துகொண்டே போகும். ஏற்கெனவே வைத்திருந்தால் அக்டோபருக்குள் தரையை ஒட்டி வெட்டிவிடுங்கள். டெக்சஸுக்கு கிரீன் மில்க்வீட், ஆன்டலோப் ஹார்ன். நியூ ஜெர்சி, டொராண்டோ பக்கம் ஸ்வாம்ப் மில்க்வீட். விதையை ஈரக் காகிதத்தில் சுற்றி ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதையுங்கள் (மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தால் வீட்டில் யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்கள், பெயர் எழுதி ஒட்டுங்கள்). டெக்சஸ் வகைகளுக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும், பிடுங்கி நட்டால் பெரும்பாலும் சாகும், வளர்வதும் மெதுவாகத்தான். நர்சரியில் வாங்கினால் பூச்சிமருந்து போட்டதா என்று கேளுங்கள். தண்டில் மஞ்சளாக அசுவினி அப்பினால் பதறாதீர்கள், அரளியில் வருகிற அதே அசுவினிதான், முட்டை இல்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சினால் போகும். கலிபோர்னியாவில் குளிர்காலத் தங்கல்கள் இருக்கும் கடற்கரையை ஒட்டி மில்க்வீட்டே வைக்க வேண்டாம், பூச்செடி வைத்தால் போதும்.

அக்டோபரில் போகிறவற்றுக்கு வேண்டியது தேன். ஃபிராஸ்ட்வீட், கோல்டன்ராட், ஆஸ்டர் போல தாமதமாகப் பூக்கும் எதையாவது வையுங்கள். மெக்ஸிகோவில் மாதக்கணக்கில் வாழ வேண்டிய கொழுப்பை அவை இங்கேதான் ஏற்றிக்கொள்கின்றன.

வீட்டுக்குள் கூண்டு வைத்து நூறு புழு வளர்க்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது, சமையலறை ஜன்னலோரம் இருபது புழு. கூட்டுப்புழுக்கள் பச்சைக் குண்டுமணிகளாகத் தங்கப் புள்ளியோடு தொங்கியதை பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் பார்த்தார்கள். அப்புறம் ஏழு வெளியே வரும்போதே சிறகு கசங்கிய காகிதமாக இருந்தது. அவை விரியவே இல்லை. நெருக்கமாக வளர்த்தால் நோய் இப்படித்தான் பரவும். பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு போதும், காசு கொடுத்து வாங்கி விழாவில் பறக்கவிடுவது வேண்டவே வேண்டாம். கலிபோர்னியாவில் அனுமதி இல்லாமல் தொடுவதே சட்டப்படி தவறு.

கடைசியாக, எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள பின்சிறகில் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிட்ட மோனார்க்கைப் பார்த்தால் உரிக்காதீர்கள். அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும், பூவில் உட்காரும் வரை பொறுத்து, எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து மோனார்க் வாட்ச் அமைப்புக்கு அனுப்புங்கள். டொராண்டோ விஞ்ஞானி ஃபிரெட் அர்க்கார்ட் பல வருஷம் இப்படி ஒட்டவைத்துத் தேடித்தான், 1975 ஜனவரியில் அவருக்கு உதவிய கென் புரூகரும் கத்தலினா அகுவாடோவும் மெக்ஸிகோவின் அந்த மலைக்காட்டைப் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டியது செத்துக் கிடந்தாலும் எண்ணை அனுப்புங்கள், அதுவும் கணக்கில் சேரும்.