மின்சாரக் கொள்கை அறிவிப்பைக் கணக்குப் போட்டுப் படிப்பது எப்படி?

இந்தியாவின் மின் நிறுவு திறனில் (எல்லா மின் நிலையங்களும் சேர்ந்து தர முடிகிற அளவில்) பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் ஆகியவற்றைச் சாராத மூலங்களுக்கு உரியதாகிவிட்டது என்றும், 2030-க்கு வைத்த இலக்கு ஐந்தாண்டு முன்பே கைகூடிவிட்டது என்றும் 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. செய்தி உண்மை. ஆனால் நம் வீட்டு விளக்குகளில் பாதி, நிலக்கரி இல்லாமலே எரிகின்றன என்று அதற்குப் பொருள் கொண்டால் தவறு. இப்படிப்பட்ட அறிவிப்பு வரும்போது தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில், எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது மெகாவாட்டா, யூனிட்டா என்று பாருங்கள். மெகாவாட் என்பது நிலையத்தால் ஒரு நேரத்தில் தர முடிகிற அளவு. யூனிட் என்பது அது உண்மையில் தந்த மின்சாரம். 100 மெகாவாட் சூரிய மின் நிலையம், இரவும் மேகமும் போக, முழுத் திறனில் 20 விழுக்காடு அளவுக்கு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 17.5 கோடி யூனிட் தரும். அதே 100 மெகாவாட் அனல்மின் நிலையம் 70 விழுக்காடு ஓடினால் 61 கோடி யூனிட்டுக்கு மேல் தரும். நிறுவு திறனில் பாதியைத் தாண்டிய பிறகும் நாட்டின் மின்னுற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிடமே இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இதைச் சொல்வது அந்தச் சாதனையைக் குறைப்பதற்கு அன்று; மீதமிருக்கும் வேலை எவ்வளவு என்று தெரிந்தால்தான் அதை யாரிடம் கேட்பது என்பதும் தெரியும். நிறுவு திறன், உற்பத்தி என இரண்டின் கணக்கையும் மத்திய மின்சார ஆணையம் தொடர்ந்து வெளியிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

அடுத்து, உமிழ்வுக் குறைப்பு, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்கள் வெளியாவதைக் குறைப்பது, என்ற சொல் வந்தால், எதை எதனால் வகுத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். 2022-இல் இந்தியா அளித்த உறுதிமொழி, உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் உமிழ்வை, 2005-ஆம் ஆண்டு நிலையிலிருந்து 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்பதாகும். பொருளாதாரம் 100-லிருந்து 300 ஆக வளர்ந்து, ரூபாய்க்கான உமிழ்வு 45 விழுக்காடு குறைந்தால், மொத்த உமிழ்வு 100-லிருந்து 165 ஆகக் கூடவே செய்யும். வளரும் நாடு இந்த வழியைத் தேர்ந்தது நியாயமே என்பது என் கருத்து. ஆயினும் புகை குறைகிறது என்று அதைப் படிக்கக் கூடாது.

மூன்றாவதாக, பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 2010-இல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய தூய எரிசக்தி செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கென வசூலிக்கும் கூடுதல் வரி), 2016-இல் 400 ரூபாயானது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி என்று கொண்டால், யூனிட்டுக்கு 28 பைசா. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, தூய எரிசக்திக்கென்று வசூலான இந்தத் தொகை, மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாறியது. 2025 செப்டம்பரில் அந்த செஸ்ஸும் நீங்கி, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. வரி உயர்ந்தது என்று மட்டும் படித்தால் நிலக்கரி விலை ஏறியதாகத் தோன்றும். டன் 1,500 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு ஜிஎஸ்டி 75-ம் செஸ் 400-ம் சேர்ந்து 475 ரூபாய் வரி. இப்போது 270 ரூபாய்தான். விலை ஏறத்தாழ 3,077 ரூபாயைத் தாண்டினால்தான் புதிய வரி பழையதை மிஞ்சும். மலிவான உள்நாட்டு நிலக்கரிக்குச் சுமை குறைந்தது; விலை கூடிய நிலக்கரிக்குச் சுமை கூடியது. மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், மின் நிலையம் கட்டும் இந்த வரியை உள்ளீட்டு வரியாக (மூலப்பொருளுக்குக் கட்டிய வரியாக)த் திரும்பப் பெற முடியாது. அது உற்பத்திச் செலவில் சேர்ந்து மின்கட்டணத்தை நோக்கி நகரும்.

மானிய அறிவிப்பையும் இப்படியே பார்க்கலாம். 2024-இல் வந்த கூரைச் சூரிய மின் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். சொந்தக் கூரை உள்ளவர்தான் இதைப் பெற முடியும். வாடகை வீட்டில் இருப்பவர் அறிவிப்பின் எந்த வாக்கியத்தில் வருகிறார் என்று தேடுங்கள்.

கடைசியாக, நிலக்கரியால் வாழ்வோரின் கணக்கைப் பாருங்கள். ரயில்வேயின் சரக்கு வருவாயில் ஏறத்தாழ பாதி நிலக்கரியிலிருந்து வருகிறது. பயணிகள் கட்டணம் குறைவாக இருப்பதற்குச் சரக்கு வருவாயே துணை நிற்கிறது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா அரசுகளுக்கு நிலக்கரி ராயல்டி (வெட்டியெடுக்கும் நிலக்கரிக்காகச் சுரங்க நிறுவனம் மாநிலத்துக்குக் கட்டும் தொகை) பெரிய வருமானம். சுரங்கத்தை மூடும் திட்டம் என்று எதைப் படித்தாலும், அந்த ராயல்டிக்கும் சரக்குக் கட்டணத்துக்கும் சுரங்கத் தொழிலாளியின் அடுத்த வேலைக்கும் எவ்வளவு தொகை, எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பட்ஜெட் ஆவணத்தில் தேடுங்கள்.