வீட்டு விலை ஏறியதா இறங்கியதா? ஒரு சி.ஆர். கொப்பியில் கணக்கு வைக்கும் முறை

போன ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆடிவிட்டு வந்து மாமா வீட்டு விறாந்தையில் இருந்தோம். பேச்சு வழக்கம்போல காணி விலைக்குப் போனது. “நான் வாங்கக்குள்ள என்ன விலை, இப்ப என்ன விலை, எங்கயோ போயிட்டு மருமகன்” என்றார் மாமா. கனடாவில் இருந்து வந்திருந்த சித்தப்பா சிரித்துவிட்டு, “எங்கட காசுக்குப் பார்த்தா விலை விழுந்துதான் கிடக்கு” என்றார். இரண்டு பேரும் மட்டக்களப்பு கல்லடியில் உள்ள ஒரே வளவைப் பற்றித்தான் பேசினார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு நான் விளக்கப் போய்த் தேத்தண்ணி ஆறினதுதான் மிச்சம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அரசாங்கம் என்ன வைத்திருக்கிறது என்று பார்ப்போம். இலங்கை மத்திய வங்கி ‘காணி மதிப்பீட்டுக் குறிகாட்டி’ என்று ஒன்றை அரையாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அரசாங்க விலைமதிப்பீட்டுத் திணைக்களம் கொடுக்கும் விலைகளை வைத்துச் செய்வது. குடியிருப்புக் காணி, வர்த்தகக் காணி, கைத்தொழில் காணி என்று மூன்றாகவும் பிரித்துத் தருவார்கள். 2017 முதல் அரையாண்டின் விலையை 100 என்று வைத்து, அதற்குப் பிறகு எவ்வளவு கூடியது என்பதைச் சொல்லும். நல்ல விசயம்தான், ஆனால் அது கொழும்பு மாவட்டத்துக்கு மட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆரையம்பதியில் காணி பேசப் போகிறவர் கொழும்பு வெயிலைப் பார்த்து மட்டக்களப்பில் நெல் காயப்போடுகிறார். இருந்தாலும் அதை எடுத்து வைத்திருங்கள், திசை பார்க்க உதவும்.

இப்படி ஒரு காலத்தின் விலையை 100 என்று வைத்து எண்ணுவதைச் சுட்டெண் என்பார்கள். அதை வாசிக்கும்போது பலர் விழும் ஒரு குழி இருக்கிறது. 120 இல் இருந்து 126 ஆகியிருந்தால் விலை 6 சதவீதம் கூடவில்லை, 5 சதவீதம்தான் கூடியது. 6 என்பது புள்ளி. 126 ஐ 120 ஆல் வகுத்துப் பாருங்கள், 1.05 வரும். அதே மாதிரி ‘கூடும் வேகம் குறைந்தது’ என்று செய்தியில் வந்தால் விலை குறைந்தது என்று அர்த்தம் இல்லை, ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, மெதுவாக.

சரி, நமது பக்கத்துக்கு எண் இல்லை என்றால் நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் 80 பக்க சி.ஆர். கொப்பி ஒன்றில் எழுதுகிறேன், கணினி தெரிந்தவர்கள் எக்செல்லில் போடலாம், எதுவானாலும் ஒரு வரியில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். என் கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கும்: கல்லடி, 12 பேர்ச்சஸ், உறுதிக் காணி, ஓட்டு வீடு, 3 அறை, கிணறு, தார் றோட்டில் இருந்து இரண்டாவது ஒழுங்கை, வெள்ளம் நிற்காது, கேட்டது 165 லட்சம், முடிந்தது 148 லட்சம், முடிந்த மாதம். இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். இதில் ஒன்று மாறினாலும் அது வேறு பொருள், வேறு விலை. பனங்கிழங்கை மரவள்ளியோடு ஒப்பிட்டு ‘கிழங்கு விலை ஏறிவிட்டது’ என்று சொல்லக் கூடாது அல்லவா.

வெள்ளம் என்பதைச் சும்மா எழுதவில்லை. மார்கழி, தை மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், சில வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மங்கிய கோடு நேராக ஓடும். தண்ணீர் நின்ற இடம். விற்கிறவர் பெயின்ட் அடித்திருந்தால் உள்ளே போய்க் கதவு நிலையின் அடியைப் பாருங்கள், மரம் ஊதியிருக்கும். அந்தக் கோடு இருக்கும் வீடும் இல்லாத வீடும் பக்கத்துப் பக்கத்து வளவாக இருந்தாலும் கொப்பியில் ஒரே கட்டத்தில் வரக் கூடாது.

உறுதிக் காணி (சொந்தமாக உறுதி எழுதிய காணி), பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) இரண்டையும் கலக்கவே கூடாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் (1935 ஆம் ஆண்டுச் சட்டம் அது) கொடுத்த காணியைப் பிரதேச செயலகத்துக்குப் போகாமல் நினைத்தபடி விற்க முடியாது, அதனால் விலையும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும். அளவும் ஒரே அலகில் இருக்கட்டும். ஏக்கர் என்றால் 160 பேர்ச்சஸ், றூட் என்றால் 40, ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் ‘பரப்பு’ என்று சொன்னால் 10 பேர்ச்சஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விலை எங்கே இருந்து கிடைக்கும்? மூன்று இடம், மூன்றிலும் ஒவ்வொரு கோளாறு. இக்மன் மாதிரி இணைய விளம்பரத் தளங்களில் இருப்பது கேட்கிற விலை, முடிகிற விலை அல்ல. ஒரே வீட்டை மூன்று தரகர்மார் மூன்று விலைக்குப் போட்டிருப்பார்கள், படத்தில் உள்ள கேற்றைப் பார்த்துத்தான் ஒன்றென்று கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை மாதமாக அதே விளம்பரம் கிடக்கிறது என்பதையும் குறியுங்கள், ஏனென்றால் சந்தை படுத்திருக்கும் காலத்தில் விற்கிறவர் விலையைக் குறைக்க மாட்டார், விளம்பரத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார். அப்போது விலை இறங்கியதே எண்ணில் தெரியாது, காத்திருக்கும் மாதங்கள்தான் கூடும். அடுத்தது, விற்பனையை எழுதும் உறுதிப் பத்திரம். அதற்கு அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 3,99,000 ரூபாய் கட்ட வேண்டும். அதைக் குறைக்க உறுதியில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று நடப்பது ஊரறிந்த கதை. நான் நியாயப்படுத்தவில்லை, உறுதியில் உள்ள தொகையை அப்படியே நம்பிச் சராசரி எடுக்காதீர்கள் என்கிறேன். மூன்றாவது, விற்றவரும் வாங்கியவரும் வாயால் சொல்வது. விற்றவர் கூட்டிச் சொல்வார், வாங்கியவர் குறைத்துச் சொல்வார். நடுவில் நின்ற தரகர், தரகுக் காசு கைக்கு வந்து ஒரு மாதம் போன பிறகு சொல்வது ஓரளவு சரியாக இருக்கும், அது என் அனுபவம்.

இப்போது கணக்கு. சும்மா சராசரி எடுத்தால் எப்படி ஏமாறலாம் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். போன வருசம் கல்லடியில் மூன்று வீடு 150 லட்சம்படி போனது, கொக்கட்டிச்சோலையில் ஒன்று 50 லட்சம். சராசரி 125 லட்சம். இந்த வருசம் கல்லடியில் ஒன்றே ஒன்று 160 லட்சத்துக்கு, கொக்கட்டிச்சோலையில் மூன்று 55 லட்சம்படி. சராசரி 81.25 லட்சம். பார்த்தீர்களா, இரண்டு ஊரிலும் விலை ஏறியிருக்கிறது, சராசரியோ 35 சதவீதம் விழுந்துவிட்டது! விலை விழவில்லை, விற்ற வீடுகளின் கலவை மாறிவிட்டது. இதற்கு மருந்து எளிது. ஊர் ஊராகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியாக ஏற்றத்தைப் பாருங்கள். கல்லடி 6.7 சதவீதம், கொக்கட்டிச்சோலை 10 சதவீதம். பிறகு இரண்டுக்கும் ஒரு பங்கு முடிவு செய்யுங்கள், பாதிக்குப் பாதி என்றால் 8.3 சதவீதம் ஏற்றம். அந்தப் பங்கை வருசா வருசம் மாற்றாமல் வைத்திருப்பதுதான் விசயமே. எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கு), படுவான்கரை (வாவிக்கு மேற்கு) என்று இரண்டு பெட்டியாகவாவது பிரியுங்கள். காத்தான்குடியைத் தனிப் பெட்டியில் போடுங்கள், அங்கே நெரிசலுக்கு நிலம் கிடைப்பதே அருமை, பக்கத்து ஊர் விலையோடு சேர்த்தால் எல்லாம் குழம்பும். அம்பாறைப் பக்கத்தவர்கள் கல்முனை, சாய்ந்தமருதுவை ஒன்றாகவும், பொத்துவில், அறுகம்பையை வேறாகவும் வைக்கலாம், அங்கே வாங்குகிறவன் குடியிருக்க வாங்குகிறானா, ஹோட்டல் போட வாங்குகிறானா என்பதே வேறு கேள்வி.

வெளிநாட்டில் பெரிய ஆட்கள் செய்யும் இன்னொரு முறை, ஒரே வீடு இரண்டு தடவை விற்றால் அந்த இரண்டு விலையை மட்டும் ஒப்பிடுவது. அமெரிக்காவில் கேஸ்-ஷில்லர் சுட்டெண் அப்படித்தான் வருகிறது. வீடு அதே வீடு என்பதால் பனங்கிழங்கு, மரவள்ளிப் பிரச்சினை இல்லை. ஆனால் நமது ஊரில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இங்கே வீடு சந்தைக்கு வருவதே குறைவு, மகளுக்குச் சீதனமாகப் போகும், அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள், விலை என்று ஒன்று எங்குமே பதிவாகாது. தாய் மகளுக்கு எழுதிய நன்கொடை உறுதியில் உள்ள தொகையைத் தூக்கிக் கொப்பியில் போட்டுவிடாதீர்கள், நான் ஆரம்பத்தில் இரண்டு தடவை அப்படிப் போட்டுவிட்டு ஏன் விலை பாதாளத்துக்குப் போனது என்று ஒரு கிழமை மண்டையைப் பிய்த்தேன். அப்படியே இரண்டு தடவை விற்ற வீடு கிடைத்தாலும், இடையில் மேல்மாடி போட்டிருப்பார்கள்.

பிரித்தானியாவின் வீட்டு விலைச் சுட்டெண் வேறு வழியில் போகிறது: அறை எத்தனை, எந்த இடம், என்ன வகை வீடு என்று ஒவ்வொரு தன்மைக்கும் எவ்வளவு விலை என்று கணித்து, அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை விலை மாற்றம் என்கிறார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் விற்பனை வேண்டும். நம்மிடம் அது இல்லை. ஆனால் யோசனையைக் கடன் வாங்கலாம். படுவான்கரைக்குப் போகும் மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தது, அதுவரை ஓடத்தில் போன ஊருக்கு வாகனம் போனது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் காணிக்குக் கூடுதல் விலை கேட்டார்கள் என்றால், அது நாட்டில் விலை ஏறிய கதை அல்ல, அந்தக் காணியே வேறு காணியாகிவிட்டது. கொப்பியின் ஓரத்தில் ‘பாலம்’ என்று எழுதி வைத்தால் பத்து வருசம் கழித்துப் பார்க்கிறவன் குழம்ப மாட்டான்.

இனி மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் வருவோம். 2021 செப்டெம்பரில் ஒரு கோடிக்கு வாங்கிய வீடு, 2022 செப்டெம்பரில் ஒரு கோடி 30 லட்சத்துக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். மாமா கணக்கில் 30 சதவீத லாபம். ஆனால் அந்த ஒரு வருசத்தில் அன்றாடச் சாமான் விலைகளை அளக்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 73.7 சதவீதம் ஏறியது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 69.8 சதவீதம். நமக்குத் தேசியச் சுட்டெண்தான் பொருத்தம். 130 ஐ 1.737 ஆல் வகுத்தால் 74.8 லட்சம். அதாவது அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்கும் சக்தியில் பார்த்தால் வீட்டின் பெறுமதி கால்வாசி போய்விட்டது. சித்தப்பா கணக்கு இன்னொன்று: டொலர் 200 ரூபாயைச் சுற்றி இருந்தபோது ஒரு கோடி என்பது 50,000 டொலர், 360 ரூபாயைச் சுற்றி நின்றபோது 130 லட்சம் என்பது ஏறக்குறைய 36,000 டொலர். மாமா லாபம் என்கிறார், சமையலறையில் மாமி நட்டம் என்கிறார், சித்தப்பா மலிவு என்கிறார். ஆகவே விலைக்குப் பக்கத்தில் மூன்று நிரல் வையுங்கள்: ரூபாய், பணவீக்கம் கழித்த ரூபாய், டொலர்.

இது எப்போதும் ஒரே பக்கம் போகாது. 2024 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய வருசத்தைவிட 0.5 சதவீதம் இறங்கியது. அந்த மாதிரிக் காலத்தில் வீட்டு விலை அசையாமல் நின்றாலே உண்மையில் கொஞ்சம் ஏறியதாகத்தான் கணக்கு. வட்டியையும் ஒரு வரியில் குறியுங்கள், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. அதன்பின் கடன் எடுத்து வீடு வாங்குவது என்ற பேச்சே அடங்கியது.

பிள்ளைகள் இருக்கும் நாடுகளோடு ஒப்பிட விரும்பினால், சர்வதேச தீர்ப்பனவுகள் வங்கி ஏறக்குறைய 60 நாடுகளின் குடியிருப்பு விலைத் தொடர்களைப் பணவீக்கம் கழித்தும் கழிக்காமலும் இலவசமாகத் தருகிறது. எதைப் பார்க்கிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். கனடாவின் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் புதிய வீட்டு விலைச் சுட்டெண் கட்டுநர்கள் விற்கும் புது வீட்டுக்கு மட்டும்தான், சித்தப்பா வாங்கியதோ பழைய வீடு.

எத்தனை தடவை எழுதுவது? மாதா மாதம் எழுதினால் விற்பனை போதாது, எண் துள்ளும். நான் வருசத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன், வெள்ளம் வடிந்த பிறகு மாசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து வீடாவது சேராவிட்டால் எண் போடாமல் கோடு இழுத்துவிடுவேன். மாசியை மாசியோடும் ஆவணியை ஆவணியோடும்தான் ஒப்பிடுவேன், ஏனென்றால் ஆடி, ஆவணியில் வெளிநாட்டுக்காரர் ஊரில் நிற்பார்கள், அந்த ஆறு கிழமையில் கல்லடியில் தரகர்மாரின் வாயில் வரும் விலையே வேறு. சித்தப்பா பறந்த அடுத்த கிழமை அதே வளவுக்கு எட்டு லட்சம் குறைத்துச் சொன்னார்கள், அதைத்தான் கொப்பியில் எழுதினேன்.