பேரனின் அமத்தா வீட்டு வழி: ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன மூதாதையரைத் தேடுவது எப்படி?

எங்கள் காங்கேயம் பக்கத்தில் ஒரு குழந்தை பிறந்தால், அது எந்தக் கூட்டம் (குலம்), எந்தக் கோயில் காணி என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். என் பேரன் பிறந்தது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில். அவன் அம்மா, அதாவது என் மருமகள், ஜெர்மன் வம்சாவளி. எங்கள் வழியை எழுதிவைக்க நான் இருக்கிறேன். அமத்தா வீட்டு வழியை, அதாவது அவன் அம்மாவின் பிறந்த வீட்டு வழியை, யார் எழுதுவது? பாதிக் குடும்பத்தை விட்டுவிட்டு அவனுக்கு வம்சாவளி எழுதித் தர எனக்கு மனம் வரவில்லை. ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவையிலும் இன்று இப்படிப் பேரன் பேத்தி உள்ள வீடுகள் நிறைய. இங்கே உட்கார்ந்துகொண்டே இந்த வேலையைச் செய்ய முடியும்.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். வில்லங்கம் பார்க்கிற மாதிரிதான் இதுவும். இன்றைய பத்திரத்தில் தொடங்கி மூலப் பத்திரம் வரைக்கும் ஒவ்வொரு கையாகப் பின்னால் போக வேண்டும். நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் யாரோ ஒருவருடைய தாத்தாவை நம் தாத்தா என்று எழுதிவிடுவோம்.

எடுத்த எடுப்பில் ஜெர்மனியில் தேடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த நாட்டுக்கு மொத்தமாக ஒரே பிறப்புப் பதிவேடு கிடையாது. பதிவேடுகள் அந்தந்த ஊர் தேவாலயத்தையும் பதிவு அலுவலகத்தையும் ஒட்டியே கிடக்கின்றன. ஜெர்மனி ஒரே நாடானதே 1871-இல்தான். அதற்கு முன் புறப்பட்டவர்களுக்குப் பிறந்த இடமாகப் பிரஷ்யா, பவேரியா, ஹனோவர் என்று அன்றைய தனி அரசின் பெயரை எழுதியிருப்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஊர் பெயர் வேண்டும். அந்த ஊர் பெயர் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதங்களில்தான் ஒளிந்திருக்கும்.

முதலில் உயிரோடு இருப்பவர்களிடம் கேளுங்கள். கோடைக்காலத்தில் நமக்கு இரவு எட்டு மணி என்றால் விஸ்கான்சினில் காலை ஒன்பதரை. வயதானவர்கள் தெளிவாகப் பேசும் நேரம். மருமகளின் பாட்டி தொண்ணூறைத் தாண்டியவர். அவரிடம் "உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்டால் "ஜெர்மனி" என்பதோடு முடிந்துவிடும். எந்தத் தேவாலயத்துக்குப் போனார்கள், எந்தக் கல்லறையில் புதைத்தார்கள், வீட்டில் பழைய பைபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். பைபிளின் முதல் பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதிவைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விவாகரத்து, மறுமணம் போன்ற விஷயங்களைச் சம்பந்தி வீட்டில் நாம் நேரடியாகக் கேட்பது மரியாதை இல்லை. மருமகளையே கேட்கச் சொல்லலாம்.

அப்புறம் ஃபேமிலிசர்ச் என்ற, வம்சாவளி தேடும் இணையதளம். இலவசம், கணக்குத் தொடங்கினால் போதும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அங்கே குடும்பம் குடும்பமாகப் பார்க்கலாம். 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரை திறந்துவிட்டார்கள். அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் போங்கள். 1890 மட்டும் பெரும்பாலும் கிடைக்காது, 1921-இல் நேர்ந்த தீவிபத்தோடு போய்விட்டது. 1900-ஆம் ஆண்டுப் பதிவு தங்கமானது: பிறந்த மாதமும் ஆண்டும், அமெரிக்கா வந்த ஆண்டும் அதில் இருக்கும். குடியுரிமைக் காகிதங்களில் 1906-க்குப் பிந்தையவை பிறந்த ஊரைச் சொல்லும். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் நாட்டின் பெயரோடு சரி.

ஊர் பெயர் கிடைக்க நல்ல இடம் அமெரிக்காவிலிருந்த ஜெர்மன் தேவாலயங்களின் பதிவேடுகள். போதகர்களும் அந்த நாட்டுக்காரர்களே என்பதால், பிறந்த ஊரைச் சரியாகக் கேட்டு எழுதிவைத்தார்கள். இறப்புப் பதிவிலும் ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளின் மரணச் செய்தியிலும் கல்லறைக் கல்லிலும்கூட ஊர் பெயர் வரும்.

பெயர்களில் கவனம் வேண்டும். ஒரே ஆளை க்ரூகர், க்ரியூகர், க்ரீகர் என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். மூன்று பெயர் வைத்த குழந்தையை இரண்டாவது பெயராலோ மூன்றாவது பெயராலோ கூப்பிடுவதும் சகஜம். ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயரும் கல்லறையில் வேறு பெயரும் இருந்தால் இரண்டு ஆள் என்று முடிவுகட்டாதீர்கள். நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. எல்லிஸ் தீவு திறந்ததும் 1892-இல்தான். பெயர் மாறியது பெரும்பாலும் அமெரிக்கா வந்து சேர்ந்த பிறகு, குடும்பத்தாலேயே.

கப்பல் பட்டியலில் ஹாம்பர்க் துறைமுகத்தினுடையது 1850 முதல் 1934 வரை பாதுகாக்கப்பட்டிருக்கிறது, பயணி கடைசியாகக் குடியிருந்த ஊரும் அதில் உண்டு. பிரேமன் துறைமுகம் வழியாகப் போனவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துபோயின.

எங்கும் ஊர் பெயர் அகப்படவில்லையா? பக்கத்து வீட்டுக்காரர்களைத் தேடுங்கள். திருப்பூரில் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே வீதியில் குடியேறியதைப் பார்த்திருக்கிறோம். அவர்களும் அப்படித்தான் போனார்கள். பிரஷ்ய அரசர் லூத்தரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக்கியதை ஏற்காத, பொமரேனியா என்ற பிரஷ்யப் பகுதியின் குடும்பங்கள் 1839-இல் சேர்ந்து புறப்பட்டு, விஸ்கான்சினில் மில்வாக்கி நகருக்கு அருகே ஃப்ரைஸ்டாட் என்று ஊரே அமைத்தன. ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்றவர்கள், கல்லறையில் பக்கத்தில் கிடப்பவர்கள், இவர்களில் ஒருவருடைய ஊர் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஊர் பெயர் கிடைத்ததும், ஜெர்மன் ஊர்களைப் பட்டியலிடும் மேயர்ஸ் ஊர் அகராதியில் பாருங்கள். 1912-இல் வெளியான அந்தப் பதிப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. நோய்ஸ்டாட் போன்ற பெயரில் பல ஊர்கள் உண்டு, எந்த மாவட்டம் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொமரேனியாவின் பெரும்பகுதி 1945-க்குப் பிறகு போலந்தில் இருக்கிறது. அங்குள்ள ஸ்டெட்டின் நகரின் பெயர் இன்று ஷ்செச்சின். அங்கே எஞ்சியிருக்கும் பல பதிவேடுகளைப் போலந்து அரசு ஆவணக் காப்பகங்களின் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியான் என்ற கட்டணத் தளம், கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மட்ரிகுலா என்ற இலவசத் தளம். அரசுப் பதிவு பிரஷ்யாவில் 1874-இல், ஜெர்மனி முழுக்க 1876-இல் வந்தது. அதற்கு முந்தியது வேண்டுமென்றால் பெரும்பாலும் தேவாலயப் புத்தகம்தான்.

அந்தப் புத்தகங்கள் குரென்ட் என்ற பழைய கையெழுத்தில் இருக்கும். ஆங்கில 'ஈ' அதில் 'என்' போலத் தெரியும். 'யூ' எழுத்துக்கு மேலே ஒரு வளைவு போடுவார்கள். எழுத்துகள் முழுவதையும் கற்றுத் தீர்த்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய குடும்பப் பெயரையும் ஊர் பெயரையும் மட்டும் குரென்ட் எழுத்தில் நீங்களே பலமுறை எழுதிப் பழகுங்கள். அந்த உருவம் கண்ணில் பதிந்துவிட்டால் பக்கத்தைப் புரட்டும்போது தானாக எதிர்ப்படும்.

அந்த ஞானஸ்நானப் பதிவுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது. நம் வம்சாவளி நோட்டுகளில் மகன், அவன் மகன் என்று போகும். கட்டிவந்த பெண் எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று இருக்காது. எங்கள் அப்பத்தா பிறந்த ஊர் தாராபுரம் பக்கம் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெரிய அத்தையிடம் கேட்டு அதையும் எழுதிச் சேர்த்தேன். நீங்களும் இரண்டு வழியையும் ஒரே நோட்டில், பெண்களின் பிறந்த வீட்டோடு எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தப் பதிவிலிருந்து எடுத்தது என்று குறிக்க மறக்காதீர்கள்.

ஜெர்மன் பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தால் ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளுக்கும், திருமணப் பதிவு 80, இறப்புப் பதிவு 30 ஆண்டுகளுக்கும் பொதுவில் திறக்கப்படாது. அந்தக் காலத்துக்குள் வரும் பதிவைக் கேட்க நேரடி வாரிசுக்குத்தான் வழி சுலபம். ஆகவே நீங்கள் எழுதிக் கொடுங்கள், கையெழுத்து மருமகளுடையதாக இருக்கட்டும். ஜெர்மன் மொழியில் சுருக்கமாக, ஒரு கடிதத்தில் ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு என்பதையும் அதிலேயே கேட்டுவிட்டால் இன்னொரு கடிதம் மிச்சம்.